வீட்டு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

2024 செப்டம்பர் முதல் வாரம் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: எந்த விபிஎன் நல்லது? கேட்டவர்களில் கணினித் துறைக்காரர்கள் குறைவு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன், பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் எடுக்கும் தோழி, இங்கே மேருவில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கும் அக்காமார்கள். ரவுட்டரில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள். அப்போது ஆளுக்கு ஏற்றபடி பதில் சொன்னேன். கேள்வி இன்றுவரை நிற்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

அந்த வாரம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், அதாவது எம்சிஎம்சி, இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தது. வாடிக்கையாளர் கூகிளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், அங்கே போகும் தள முகவரிக் கேள்வியை வழியிலேயே மடக்கி நிறுவனம் தன் சொந்த டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பிவிட வேண்டும். செப்டம்பர் 30க்குள் முடிக்க வேண்டும். சில நிறுவனங்கள் தவணைக்கு முன்பே தொடங்கிவிட்டன. சூதாட்டம், ஆபாசம், மோசடி போன்ற தளங்களிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்றது ஆணையம். 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்கள் முடக்கப்பட்டதாகக் கணக்கும் கொடுத்தது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி, தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் இந்தத் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டதாக அறிவித்தார்.

சூதாட்டத் தளங்களை முடக்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பணத்தைத் தொலைத்த குடும்பங்களை இந்த வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அதே கதவு வேறு சமயங்களில் வேறு ஆட்களுக்கும் சாத்தப்பட்டிருக்கிறது. 1எம்டிபி அரசு நிதி விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் தளம் 2015 ஜூலையில் முடக்கப்பட்டது. 2016 ஜனவரியில் மீடியம் பதிவுத் தளம், பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடர் செய்தித் தளம். இன்சைடர் அடுத்த மாதமே மூடுவிழா கண்டது. சினார் புராஜெக்ட் என்ற நம் நாட்டுக் குழுவும் ஊனி என்ற உலகளாவிய அளவீட்டுக் குழுவும் சேர்ந்து 2016 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 39 தளங்கள் டிஎன்எஸ் வழியாகவே முடக்கப்பட்டிருப்பது உறுதியானது. ஒரு கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதோடு, யார் கையில் எப்போது இருக்கும் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் திருப்பித் தரும் சேவை. நம் தாமான் வாசலில் காவலர் சாவடி இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் காவலரிடம் சத்தமாக "எங்கே போகணும், வழி சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். அவர் வழி சொல்கிறார், கூடவே குறிப்பேட்டில் எழுதியும் வைக்கிறார். நீங்கள் அவரை விட்டுவிட்டு அடுத்த தெருக் காவலரிடம் கேட்டாலும், சத்தமாகக் கேட்பதால் இவர் காதிலும் விழுகிறது. வேண்டுமென்றால் இவரே குறுக்கே வந்து பதில் சொல்லிவிடவும் முடியும். அந்த வாரம் நடந்தது அதுதான். 8.8.8.8 என்று எண்ணை மட்டும் மாற்றி வைத்தவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

எனவே விபிஎன்னுக்குப் போவதற்கு முன்னால், காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. டிஎன்எஸ் கேள்வியையே மறையாக்கம் செய்து அனுப்புவது. ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லாக் கைப்பேசிகளிலும் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு உண்டு. சாம்சங்கில் 'கனெக்‌ஷன்ஸ்' பகுதிக்குள் 'மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால் கிடைக்கும். அங்கே எண்ணை இட முடியாது, பெயரை இட வேண்டும். குவாட்நைன் வேண்டுமென்றால் 'டிஎன்எஸ் டாட் குவாட்நைன் டாட் நெட்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் குவாட்நைனைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது சுவிட்சர்லாந்தில் பதிவான லாபநோக்கற்ற அறக்கட்டளை. தெரிந்த மோசடித் தளங்களையும் நச்சுநிரல் தளங்களையும் தானே தடுத்துவிடும். அம்மா அப்பா கைப்பேசியில் இது ஒன்றையாவது செய்துவையுங்கள். கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் தனியுரிமை அமைப்புகளுக்குள் இதே வசதி இருக்கிறது. ஐஃபோனில் நேரடியாகப் பெயர் எழுத இடமில்லை. அந்தந்தச் சேவையின் செயலியையோ அமைப்புக் கோப்பையோ நிறுவ வேண்டும்.

ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹோட்டல், விமான நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் நுழைவுப் பக்கம் திறக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம். பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தானியங்கி நிலைக்கு மாற்றி, உள்ளே நுழைந்த பிறகு மீண்டும் பழையபடி வையுங்கள். இன்னொன்று, டிஎன்எஸ்ஸை மறைத்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடாது. பெரும்பாலான தளங்களோடு இணைப்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் வெளிப்படையாகவே போகிறது. பக்கத்துக்குள் என்ன படிக்கிறீர்கள் என்பது தெரியாது. எந்தத் தளம் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அதையும் மறைக்க வேண்டியவர்களுக்குத்தான் விபிஎன், அதாவது உங்கள் போக்குவரத்து முழுவதையும் மறையாக்கம் செய்து தன் சர்வர் வழியாக வெளியே அனுப்பும் சேவை.

இங்கேதான் நான் எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேசுகிற இடம் வருகிறது.

எங்கள் தாமான் அக்கா ஒருவர் கைப்பேசியைக் காட்டி, "தம்பி, இது இலவசம்தானே, போட்டா என்ன?" என்று கேட்டார். பிளே ஸ்டோரில் மேலே நின்ற ஏதோ ஒரு விபிஎன். அவருக்குச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ளது. இணையத்தில் ஒரு பதிவு எந்த இணைப்பிலிருந்து வெளியானதோ, அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டவர் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வீட்டு வைஃபை அப்பா பெயரில் இருந்தால், அந்தச் சுமை முதலில் அப்பா தலையில்தான் இறங்கும். அந்தப் பிரிவை எதிர்த்து 2012 ஆகஸ்டு 14ஆம் தேதி இணையத்தில் ஓர் இருட்டடிப்பு நாளே கடைப்பிடிக்கப்பட்டது. பல தளங்கள் அன்று கறுப்புப் பலகையோடு நின்றன. பிரிவு அப்படியே இருக்கிறது. 2021 பிப்ரவரி 19ஆம் தேதி, வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்ததே, அந்தத் தீர்ப்பிலும் இந்த 114ஏ வந்தது. வாசகர்கள் அன்றே பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு யார் திரட்டுவார்கள்?

இப்போது இதோடு சில இலவச விபிஎன்களின் தொழிலைச் சேர்த்துப் பாருங்கள். 2015இல் ஹோலா என்ற புகழ்பெற்ற இலவசச் சேவையின் உள்விவகாரம் வெளியே வந்தது. அதைப் போட்டிருந்தவர்களின் வீட்டு இணைப்பையே மற்றவர்கள் வெளியேறும் வாசலாகப் பயன்படுத்த விட்டு, அந்த வசதியை லூமினாட்டி என்ற பெயரில் விற்றும் வந்தார்கள். அதைவிட மோசமானது 911 எஸ்5. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன் போன்ற பெயர்களில் இலவசமாகப் பரவிய செயலிகளைப் போட்ட கணினிகள், சொந்தக்காரருக்குத் தெரியாமலேயே வாடகை வாசல்களாக மாறின. 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகள். அவற்றை விலைக்கு வாங்கியவர்கள் மோசடியும் மிரட்டலும் சிறார் ஆபாசமும் செய்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதம் அறிவித்தது. அதை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கைதானது எங்கே தெரியுமா? பக்கத்து வீடான சிங்கப்பூரில்.

ஒளிந்துகொள்வதற்காகப் போட்ட செயலி உங்கள் வீட்டு இணைப்பை யாரோ ஒருவருக்குக் கொடுக்கிறது. அவர் அதிலிருந்து எழுதுவது எதுவானாலும் சட்டத்தின் முதல் பார்வையில் உங்கள் பெயரில் நிற்கிறது. நான் இலவச விபிஎன்னைக் கண்டு இவ்வளவு அஞ்சுவதற்கு இதுதான் காரணம். விளம்பரம் வரும், வேகம் குறையும் என்பதெல்லாம் சின்ன விஷயம்.

இதை ஒன்றிரண்டு கெட்ட ஆட்களின் வேலை என்று ஒதுக்கவும் முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தது. 38 சதவீதத்தில் நச்சுநிரலின் அறிகுறி. 18 சதவீதம் மறையாக்கமே செய்யவில்லை. 84 சதவீதம் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) போக்குவரத்தைக் கசியவிட்டன, 66 சதவீதம் டிஎன்எஸ்ஸைக் கசியவிட்டன. ஃபேஸ்புக் தன் சொந்த ஒனாவோ விபிஎன்னை வைத்து, மக்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்த்தது. 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. குறிப்பே வைப்பதில்லை என்று சத்தியம் செய்த ஹாங்காங்கின் யூஎஃப்ஓ விபிஎன்னின் குறிப்புகள் 2020 ஜூலையில் பூட்டில்லாத சர்வரில் கிடந்தன, கடவுச்சொற்கள் உட்பட.

அப்படியென்றால் யாரை நம்புவது? விபிஎன் போட்டால் கண்காணிப்பு இல்லாமல் போவதில்லை. உங்கள் போக்குவரத்தைப் பார்க்கும் இடம் சேவை நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே விளம்பரத்தைப் பார்க்காமல், சோதனை வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி சுவீடன் போலீசார் முல்வாட் நிறுவனத்தின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு போனார்கள். வாடிக்கையாளர் விவரமே வைத்திராததால் வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே கணக்குத் தொடங்க மின்னஞ்சல்கூடத் தேவையில்லை, ஓர் எண் மட்டும் கொடுப்பார்கள். மாதம் 5 யூரோ, ஏறத்தாழ 25 ரிங்கிட். இரண்டு வருடச் சந்தா, முக்கால்வாசித் தள்ளுபடி என்ற ஆசை காட்டும் வேலை இல்லை. காசு கொடுக்க இயலாதவர்களுக்கு நான் சொல்வது புரோட்டானின் இலவச அடுக்கு. பணம் கட்டும் வாடிக்கையாளர்களால் ஓடுவது, தரவு வரம்பு இல்லை, விளம்பரம் இல்லை, செயலியின் நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கிறது. நாட்டை நீங்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் குறை.

'சிறந்த 10 விபிஎன்' என்று வரிசைப்படுத்தும் தளங்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் மூன்றையும் வைத்திருக்கும் கேப் டெக்னாலஜிஸ் குழுமத்திடமே விபிஎன்மென்டார் என்ற பரிந்துரைத் தளமும் இருந்திருக்கிறது. மற்ற பல தளங்கள் நீங்கள் சொடுக்கி வாங்கும் ஒவ்வொரு சந்தாவிலும் கழிவு பெறுகின்றன.

சரி, போட்டாயிற்று. இனி அமைப்புகள். நெறிமுறையைக் கேட்டால் வயர்கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஏறத்தாழ 4,000 வரி நிரல்தான். ஆய்வாளர்கள் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட முடிகிற அளவு. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்டது. கைப்பேசி வைஃபையிலிருந்து 5ஜிக்கு மாறும்போது அறுபடாமல் தொடர்வதால் கேடிஎம் ரயிலில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகிறவர்களுக்கும் வசதி. அலுவலக வைஃபை அதை விடவில்லை என்றால் ஓப்பன்விபிஎன்னோ செயலி தரும் வேறு மாற்று வழியோ இருக்கும். பிபிடிபி என்று எங்காவது தென்பட்டால் தொடவே வேண்டாம், அது உடைக்கப்பட்டுப் பல காலமாகிறது.

'கில் சுவிட்ச்' கட்டாயம். விபிஎன் அறுந்தால் இணையமே நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் அது அறுந்ததே தெரியாமல் எல்லாம் வெளிப்படையாகப் போய்க்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் விபிஎன் அமைப்புக்குள் 'ஆல்வேஸ்-ஆன்' என்பதையும் அதன் கீழே 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' என்று பொருள்படும் பொத்தானையும் சேர்த்தே போடுங்கள். பிறகு ஏதாவது டிஎன்எஸ் கசிவுச் சோதனைத் தளத்தைத் திறந்து, உங்கள் சேவை நிறுவனத்தின் பெயர் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கசிகிறது. ஐபிவி6 முகவரியும் அங்கேயே தெரியும். அதில் மலேசியா என்று காட்டினால், செயலியில் ஐபிவி6 தொடர்பான அமைப்பைத் தேடுங்கள்.

சர்வரை சிங்கப்பூரில் வைத்துக்கொண்டால் வேகக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. வங்கிச் செயலிகளையும் டச் அண்ட் கோ மின்பணப்பையையும் விபிஎன்னுக்கு வெளியே விட்டுவிடுங்கள். 'ஸ்பிளிட் டனலிங்' என்ற பகுதியில் செய்யலாம். ஆனால் ஆண்ட்ராய்டில் மேலே சொன்ன தடுப்புப் பொத்தான் போட்டிருந்தால் அப்படி வெளியே விட்ட செயலிகளுக்கு இணையம் கிடைக்காது; அவற்றைத் திறக்கும்போது அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். திடீரென்று வெளிநாட்டிலிருந்து நுழைவதாகத் தெரிந்தால் வங்கி சந்தேகப்படத்தான் செய்யும், செய்யவும் வேண்டும். அந்த இணைப்புகள் ஏற்கெனவே மறையாக்கம் பெற்றவைதான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் விபிஎன் வாங்குவதன் முதல் காரணம் தனியுரிமை அல்ல, தமிழ்நாட்டுச் சீரியல். இந்திய சர்வர் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஒளிபரப்பு நிறுவனங்களின் விதிமுறை அதை அனுமதிக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தனியுரிமைப் பக்கமாகவும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி போட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி, ஐபி போன்றவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் எல்லாம் இந்திய மண்ணிலிருந்து சர்வர்களை எடுத்துவிட்டன. சில நிறுவனங்களின் பட்டியலில் இன்றும் இந்தியா என்று இருப்பது பெரும்பாலும் சிங்கப்பூர் போன்ற இடங்களில் உட்கார்ந்து இந்திய முகவரி காட்டும் சர்வர். இதற்கு மாறாக, சர்வர் இந்தியாவிலேயே இருக்கிறது என்று ஒரு சின்ன நிறுவனம் பெருமை பேசினால், அந்த உத்தரவை எப்படிச் சமாளிக்கிறது என்று கேளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே காலத்திலிருந்தே யாழ்ப்பாணக் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு விபிஎன் வேறு வழியில் பழக்கமானது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் தேதி போராட்டக் காலத்திலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வாட்ஸ்அப் இல்லையென்றால் அங்கே இருக்கிற அம்மா நலமா என்று இங்கே தெரியாது. அந்த அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் செயலியைப் போட்டவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதனாலேயே சொல்கிறேன்: தேவை வருவதற்கு முன்னால், அமைதியான ஒரு நாளில், நல்ல செயலியைத் தேர்ந்தெடுத்து வீட்டார் கைப்பேசிகளில் போட்டுச் சோதித்து வைத்துவிடுங்கள். தடை வந்த பிறகு அந்தச் செயலியின் தளமே திறக்காமல் போகலாம்.

மலேசியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமல்ல. அதைப் போட்டுக்கொண்டு செய்யும் குற்றம் குற்றம்தான். உங்கள் சொந்தப் பெயரில் ஃபேஸ்புக்கில் எழுதினால் எந்த விபிஎன் வழியாகப் போனாலும் அது உங்கள் எழுத்துதான். கூகிள் கணக்கில் நுழைந்தபடியே தேடினால் கூகிளுக்கு எல்லாம் தெரியும்.

விபிஎன் தொடவே முடியாத பக்கம் ஒன்று இருக்கிறது. 2017 அக்டோபரில் லோயாட் தளம் வெளிக்கொணர்ந்த கசிவில், 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்திருந்தன; பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம். நாட்டின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை. யாரும் நம் கம்பியை ஒட்டுக்கேட்டு எடுத்தது அல்ல. நாம் கொடுத்து, அவர்கள் சேமித்து, அங்கிருந்து போனது. திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2025 ஜூன் முதல் நிறுவனங்கள் கசிவைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பது நல்ல மாற்றம். அந்தச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்பது பெரிய ஓட்டை.

அடையாள அட்டையின் நகலைக் கொடுக்க வேண்டி வந்தால், குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதும் அப்படியே செய்யுங்கள். திருமண அழைப்பிதழ் என்றோ தள்ளுபடிக் கூப்பன் என்றோ ஏபிகே என்ற செயலி நிறுவும் கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அது உள்ளே வந்து குறுஞ்செய்திகளைப் படிக்கத் தொடங்கிவிட்டால் உலகின் மிகச் சிறந்த விபிஎன்னும் அதைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு போய்த் திருடனிடம் சேர்க்கும். பணம் போய்விட்டது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் பிடிக்க வேண்டுமென்றால் முதல் சில மணி நேரம்தான் கணக்கு.